நாலு சக்கரமும் இழுக்குமாம்!

கல்யாணம் ஆகாத, இருபத்தாறு வயசு ஆபீஸ் பையன் கையில் நாற்பத்தைந்தாயிரம் ரூபாய் மொத்தமாகக் கிடைத்தால் என்ன ஆகும்? பாதிப் பேர் பைக் வாங்குவார்கள். சிலர் தங்கைக்கு நகை வாங்குவார்கள். நான் ராணுவ வண்டி வாங்கப் போனேன்!

இது நடந்தது 1998-ல். கோயமுத்தூரில் ஒரு மில் ஆபீசில் நான் அக்கவுண்ட்ஸ் கிளார்க். ஓட்டத் தெரிந்த ஒரே வண்டி சைக்கிள். அதுவும் ஆபீஸ் பியூன் கடன் கொடுத்தால்தான். ஆனால், ஆசை மட்டும் ஆறு சிலிண்டர்!

ஆசைக்குக் காரணம் மச்சான். என் அக்கா வீட்டுக்காரர். மேட்டுப்பாளையத்தில் ஊட்டி ரோட்டோரமாக ஒரு மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார். கல்லாறு தாண்டி மலை ஏறும்போது புகை விட்டு நிற்கும் கார், வேன்களைக் கட்டி இழுத்து வருவதுதான் ஷெட்டுக்கே சோறு போட்ட வேலை. ரிப்பேர் அப்புறம். இழுத்து வந்தால்தானே ரிப்பேர்?

இழுக்கிற பழைய ஜீப்புக்கு அந்த வருஷம் சேசிஸ் விரிந்துவிட்டது. இரண்டு முறை வெல்டிங் வைத்தார். மூன்றாவது முறை வெல்டிங்காரரே, 'இதுக்கு மேல வெச்சா வெல்டிங்தான் இருக்கும், வண்டி இருக்காதுங்க' என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். ஷெட் வாடகை இரண்டு மாதம் பாக்கி. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் விஷயம் பெரிசு என்று அர்த்தம்.

நான் வீரமாகச் சொன்னேன்: "மச்சான், சொசைட்டியில லோன் போடறேன். நீங்க மாசாமாசம் கட்டிருங்க. நல்லதா ஒரு ஃபோர் வீல் வண்டி பாத்துருவோம்."

"உனக்கு எதுக்கு மாப்ளே வம்பு?" என்றார். ஆனால் அன்று ராத்திரி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

பல்லடம் ரோட்டில் ஒரு பழைய வண்டி வியாபாரி தோட்டத்தில் 'ஜோங்கா' நிற்பதாகத் தகவல் வந்தது.

ஜோங்கா தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏதோ ஆப்பிரிக்க நடனத்தின் பெயர் மாதிரி இருந்தாலும், அது சுத்தமான அரசாங்கப் பெயர். 'ஜபல்பூர் ஆர்ட்னன்ஸ் அண்ட் கன் கேரேஜ் அசெம்பிளி' என்பதன் முதல் எழுத்துக்களைக் கோத்தது. ஜப்பான்காரனின் நிஸான் பேட்ரோல் வண்டியை லைசென்ஸ் வாங்கி, நம் ராணுவத்துக்காக ஜபல்பூரில் செய்தார்கள். ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். 3,956 சி.சி! ஏறக்குறைய நூற்றுப் பத்துக் குதிரை சக்தி. தயாரிப்பு 1999-ல் நின்றது. ராணுவம் உபயோகித்துக் கழித்துவிட்ட வண்டிகள் ஏலத்தில் வெளியே வந்து, மலையடிவாரங்களில் இரண்டாவது வாழ்க்கை ஆரம்பிக்கும்.

அந்த ஜோங்காவை முதலில் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மூச்சு நின்றது. பளபளவென்று ஆலிவ் பச்சை. சதுரமான மூஞ்சி. பின்னால் சிவப்புப் பெயின்ட் அடித்த புத்தம் புது டோ ஹூக். வியாபாரி சாவியைத் திருப்பினார். பாதி செல்ஃபிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஆறு சிலிண்டரும் சேர்ந்து உறுமியதில் பக்கத்து வாழை மரத்தில் இலை ஆடியது. (காற்றுக்கு ஆடியிருக்கலாம். அன்றைக்கு எனக்கு அப்படித் தோன்றவில்லை.)

"அறுபது. அதுக்குக் கீழே பேச வேண்டாமுங்க" என்றார் வியாபாரி.

என்னிடம் நாற்பத்தைந்து. மீதிப் பதினைந்துக்கு எங்கே போக? வீட்டுக்குப் போனதும் அக்கா கழுத்திலிருந்து எட்டுப் பவுன் செயினைக் கழற்றி, ஒரு பழைய நோட்டுப் பேப்பரில் சுற்றி என் சட்டைப் பையில் வைத்தாள். "வெச்சுட்டு வா. தொழில் நடந்தா மூட்டுக்கலாம்" என்றாள். அவ்வளவுதான். அழவில்லை, ஒன்றுமில்லை. மஞ்சள் கயிறு மட்டும் தொங்கும் கழுத்தைச் சேலையால் மூடிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்தச் செயின்தான் என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது. சொசைட்டி லோன் என்றால் வெறும் நம்பர். செயின் அப்படி இல்லை. பையில் கனத்தது.

"மச்சான், எதுக்கும் ஹவில்தாரைக் கூட்டிட்டுப் போயிரலாமுங்க" என்றேன்.

ஹவில்தார் எங்கள் தெருக்கோடியில் இருந்தவர். ராணுவத்தில் ஈ.எம்.ஈ. பிரிவில் இருபது வருஷம் வண்டி ரிப்பேர் பார்த்து ரிடையர் ஆனவர். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து தெருவையே எழுப்பி விடுவார். விஷயத்தைச் சொன்னதும், "அச்சா. நாளைக்கு விடிகாலை ஆறு மணிக்கு அங்கே இருக்கணும். நாம வர்றது அந்த ஆளுக்குத் தெரியக் கூடாது" என்றார். ஏதோ எல்லையில் தாக்குதல் நடத்தப் போகிற மாதிரி!

மறுநாள் போனோம். ஹவில்தார் கையில் ஒரு மஞ்சள் பை. உள்ளே ஒரு சின்னச் சுத்தியல், பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய காந்தம், டார்ச், ஒரு பென்சில். ஆயுதம் அவ்வளவுதான்.

முதல் வேலையாக பானெட்டில் கையை வைத்தார். ஜில்லென்று இருந்தது. "முந்தாநாள் நீங்க பார்த்தப்போ சூடா இருந்திருக்கும். முன்னாடியே ஓட்டி வெச்சிருப்பான். இப்ப எடுக்கச் சொல்லு" என்றார்.

வியாபாரி பல் விளக்கியபடியே வந்து சாவியைத் திருப்பினார். கர்... கர்... கர்... அரை நிமிஷம் கழித்துத்தான் பிடித்தது. பின்னால் நீலப் புகை. பந்தல் போட்ட மாதிரி!

"கறுப்புன்னா பெட்ரோல் அதிகமாப் போகுது, சரி பண்ணிக்கலாம். வெள்ளையா நிக்காம வந்தா தண்ணி உள்ளே போகுது. நீலம்னா ஆயில் எரியுது. பிஸ்டன் ரிங் போச்சு" என்று எனக்குப் பாடம் எடுத்தார். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தார். அங்கேயும் குபுகுபுவென்று ஆவி. டிப் ஸ்டிக்கை உருவிக் காட்டினார். ஆயில் கறுப்பாக இல்லை. பால் தூக்கலாகப் போட்ட காபி கலரில் இருந்தது.

"ஆயில்ல தண்ணி கலந்திருக்கு. ஹெட் கேஸ்கட். இல்லேன்னா ஹெட்டே விரிசல்."

அடுத்து காந்தம். துணியில் சுற்றி வண்டி உடம்பில் ஒட்டிக்கொண்டே போனார். பானெட்டில் ஒட்டியது. கதவின் கீழ்ப் பாதியில் பொத்தென்று விழுந்தது. சக்கரத்துக்கு மேல் விழுந்தது. கால் வைக்கும் இடத்தில் விழுந்தது. எங்கெல்லாம் காந்தம் விழுந்ததோ அங்கெல்லாம் இரும்பு இல்லை. பட்டி பூசி மேலே பெயின்ட்! எனக்கு மூச்சு நிறுத்திய அந்த ஆலிவ் பச்சைக்குக் கீழே பாதி வண்டி வெறும் பட்டி.

நான் சமாளித்தேன். "பாடி போனா போகுது ஐயா. டிங்கரிங் பண்ணிக்கலாம். இழுக்கிறதுக்கு ஹூக் பலமா இருக்கே."

ஹவில்தார் பின்பக்கம் தரையில் படுத்து உள்ளே நகர்ந்தார். சுத்தியலால் சேசிஸைத் தட்டிக்கொண்டே வந்தார். டங்... டங்... டங்... டொப். ஹூக் இருக்கும் குறுக்குச் சட்டத்தில் சத்தம் மாறியது. இன்னொரு தட்டுத் தட்டினார். துரு பொலபொலவென்று அவர் மூக்கில் கொட்டியது.

வெளியே வந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஹூக் பலமாத்தான் இருக்கு தம்பி. ஹூக்கை மாட்டியிருக்கிற இடம்தான் இல்லே."

வியாபாரி விடவில்லை. "ஃபோர் வீலுங்க! நாலு சக்கரமும் இழுக்கும். லிவரைப் பாருங்க, வெண்ணெய் மாதிரி விழுது" என்று போட்டுக் காட்டினார். உண்மையிலேயே வெண்ணெய் மாதிரிதான் விழுந்தது. கீழே எட்டிப் பார்த்தேன். முன்பக்கம் போகும் ஜாயிண்ட் ராடும் இருந்தது. எனக்கு நம்பிக்கை திரும்பியது.

ஹவில்தார் இன்ஜினை நிறுத்தச் சொன்னார். ஃபோர் வீல் லிவரைப் போட்டு, முதல் கியரில் நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, முன்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினார். ஹப்பில் தனியாக லாக் எதுவும் இல்லை என்பதையும் பார்த்துக்கொண்டார்.

"இப்போ இந்தச் சக்கரத்தைக் கையால சுத்து. நல்ல வண்டின்னா அசையக் கூடாது. ஏன்னா, அது உள்ளே எல்லாத்தோடயும் பூட்டியிருக்கு."

நான் லேசாகத் தொட்டேன். சக்கரம் திருவிழா ராட்டினம் மாதிரி சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. நிற்கிற உத்தேசமே இல்லை!

"முன் ஆக்சில்ல உள்ளே ஷாஃப்ட் இல்லே. உடைஞ்சிருக்கும், கழட்டிப் போட்டுட்டாங்க. வெளியே இருந்து பார்த்தா ராடு இருக்கும், லிவர் விழும், எல்லாம் இருக்கும். சேத்துல இறங்கினா முன் சக்கரம் சும்மா வேடிக்கை பார்க்கும்" என்றார்.

கடைசியாக ஆர்.சி. புத்தகம். சேசிஸ் நம்பர் மேல் பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுத்தார். அது சரியாக இருந்தது. இன்ஜின் நம்பர் வேறு. வியாபாரி திடீரென்று வாய் கொப்பளிக்கப் போய்விட்டார்.

டீக்கடையில் உட்கார்ந்தோம். ஹவில்தார் சிகரெட் அட்டையைக் கிழித்துக் கணக்குப் போட்டார். இன்ஜின் வேலை பதினாலாயிரம். முன் ஆக்சில் ஷாஃப்ட் ஆறு. சேசிஸ் ஐந்து. பிரேக் நான்கு. டயர் எட்டு. டிங்கரிங், பெயின்ட் பத்து. மொத்தம் நாற்பத்தேழாயிரம். வண்டி அறுபது. ஆக, ஒரு லட்சத்து ஏழாயிரம்!

அக்கவுண்ட்ஸ் கிளார்க் நான். ஆனால், இந்தக் கணக்கை நான் போடவே இல்லை, பார்த்தீர்களா? ஆபீசில் பத்து ரூபாய் வவுச்சருக்கு மூன்று கையெழுத்துக் கேட்கிறவன், பச்சை பெயின்டைப் பார்த்ததும் கூட்டல் மறந்துபோனேன்.

"ராணுவத்துல பி.ஈ.ஆர்.னு ஒண்ணு உண்டு" என்றார் ஹவில்தார். "ரிப்பேர் செலவு வண்டியோட மதிப்புக்குக் கட்டுப்படியாகாதுன்னு அர்த்தம். அப்படி ஆனப்புறம்தான் ஏலத்துக்கு அனுப்பறான். ராணுவமே பயந்த செலவை சொசைட்டி லோன்ல பண்ணப் போறியா? தம்பி, நீ நிஜத்தைச் சொல்லு. இந்த வண்டி உன் மச்சான் பொழைப்புக்கா, உன் ஆசைக்கா?"

நான் டீ கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சான்தான் காப்பாற்றினார். "வுடுங்க. சின்னப் பையன். எங்களுக்காகத்தானே அலையறான்" என்றார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறுத்தியிருக்காது.

ஹவில்தார் பிறகு சொன்னதை இன்றைக்கும் மறக்கவில்லை. "ஆசைக்குன்னா தப்பே இல்லே. அஞ்சு வருஷம் கொஞ்சங் கொஞ்சமாப் பண்ணு, சாமி சிலை செய்யற மாதிரி பண்ணு. ஆனா, பொழைப்புக்கு இழுக்கிற வண்டின்னா நாளைக்கு மழையில கூப்பிட்டாலும் போகணும். அதுக்கு அழகு வேண்டாம். ஏறும்போது இன்ஜின் வேணும். இறங்கும்போது வெயிட்டும் பிரேக்கும் வேணும். பின்னாடி கட்டின வண்டியை விட நீ லேசா இருந்தா, இறக்கத்துல நீ அதை இழுக்க மாட்டே. அது உன்னைத் தள்ளும்."

மூன்று வாரம் தேடினோம். காரமடைப் பக்கம் ஒரு மர டிப்போவுக்குப் பின்னால் அது நின்றது. 'நிஸான் ஒன் டன்.' ஜோங்காவுக்குப் பெரியப்பா மகன். அதுவும் ஜபல்பூர்ப் பிறப்புதான். ஆனால், ஜோங்காவை விடக் கனம். மரம் இழுத்து இழுத்து மூஞ்சியெல்லாம் நசுங்கி, ஒரு பக்கக் கதவே இல்லாமல், மேலே கோழி உட்கார்ந்திருந்தது. யாரோ பெட்ரோல் இன்ஜினை எடுத்துவிட்டு டீசல் வைத்திருந்தார்கள். அதை ஆர்.சி.யிலும் ஏற்றியிருந்தார்கள். (பெட்ரோல் அப்போதே லிட்டர் இருபத்தைந்து ரூபாய் பக்கம். ஆறு சிலிண்டர் ஜோங்காவை வைத்து மச்சான் எப்படித் தொழில் நடத்தியிருப்பார் என்று அதற்கு முன் நான் யோசிக்கவே இல்லை!)

எனக்குப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. ஹவில்தார் சுத்தியலால் தட்டினார். பின் சட்டம் வரைக்கும் டங், டங், டங்தான். காந்தம் எங்கே வைத்தாலும் ஒட்டியது. பட்டி பூசுகிற அளவுக்கு யாரும் அதை மதிக்கவில்லை போலும். குளிர்ந்த இன்ஜின் இரண்டாவது சுற்றில் பிடித்தது. முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தேன். இம்மியும் நகரவில்லை.

பிறகு தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு ஒரு சின்ன வட்டம் அடித்துக் காட்டினார். வண்டி முரண்டு பிடித்தது, டயர் கிரீச்சிட்டது. லிவரை எடுக்கப் பார்த்தால் வரவில்லை. "ஐயோ, மாட்டிக்கிச்சு!" என்று நான் அலற, அவர் சிரித்தார்.

"இதுதான் வேணும். திரும்பும்போது முன் சக்கரம் பெரிய வட்டம் போகும், பின் சக்கரம் சின்ன வட்டம். இந்த மாதிரி வண்டியில ரெண்டையும் ஒரே வேகத்துல பூட்டியிருக்கு. மண்ணுல சறுக்கிச் சரிபண்ணிக்கும். தார் ரோட்டுல முடியாது, முறுக்கிக்கும். முறுக்குதுன்னா முன்னாடி நிஜமாவே இழுக்குதுன்னு அர்த்தம்." கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தார். லிவர் தானாக விடுபட்டது.

முப்பத்தாறாயிரத்துக்கு முடிந்தது. பிரேக் முழுக்கப் புதுசு, பின்னால் இரண்டு பழைய டயர், இழுப்பதற்குக் கெட்டியான ஒரு டோ பார். இதற்கு எட்டாயிரத்து ஐந்நூறு. மொத்தம் நாற்பத்து நாலாயிரத்து ஐந்நூறு. மீதி ஐந்நூறை ஹவில்தாரிடம் நீட்டினேன். வாங்கவில்லை. "டார்ச்சுக்கு ரெண்டு கட்டை பேட்டரி வாங்கிக் கொடு, போதும்" என்றார்.

செயினை அதே நோட்டுப் பேப்பரில் சுற்றி அக்காவிடம் திருப்பிக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தாள். "வண்டி நல்லா இருக்குதா?" என்றாள்.

"கேவலமா இருக்குது அக்கா."

"பரவாயில்லை. இவரு மூஞ்சிக்கு அது போதும்" என்று சொல்லிச் செயினைப் போட்டுக்கொண்டாள். இரண்டு மாதத்துக்கு அப்புறம் அக்கா சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன்.

அந்த வருஷம் ஐப்பசி மழை. சனிக்கிழமை ராத்திரி நான் ஷெட்டில் இருந்தேன். பர்லியாறு பக்கத்தில் ஒரு வண்டி நிற்கிறது, ஓரத்தில் சரிந்து சேற்றில் இறங்கிவிட்டது என்று பஸ் டிரைவர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். ஒன் டன்னை எடுத்துக்கொண்டு நானும் மச்சானும் கிளம்பினோம். கதவு இல்லாத பக்கம் நான். மழை முழுக்க என் மேல்தான்!

வளைவு திரும்பியதும் ஹெட்லைட் வெளிச்சத்தில் தெரிந்தது. ஆலிவ் பச்சை. சதுர மூஞ்சி. பின்னால் சிவப்பு ஹூக்.

அதே ஜோங்கா!

பக்கத்தில் என் வயசுப் பையன் ஒருவன் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றிருந்தான். ஏதோ பாங்கில் வேலையாம். ஐம்பத்தெட்டாயிரத்துக்கு வாங்கினானாம். ஃப்ரெண்ட்ஸோடு ஊட்டிக்கு முதல் டிரிப். ரேடியேட்டரில் தண்ணீர் கொதித்து நின்றதாம். ஓரம் கட்டப் போய்ச் சேற்றில் இறங்கிவிட்டதாம். ஃப்ரெண்ட்ஸ் பஸ் பிடித்துப் போய்விட்டார்களாம்.

"ஃபோர் வீல் போட்டேன் சார். லிவர் விழுது. ஆனா, முன்னாடி இழுக்கவே மாட்டேங்குது" என்றான்.

எனக்குக் காரணம் தெரியும். சொல்ல வாய் வரவில்லை.

மச்சான் ஹூக் பக்கமே போகவில்லை. சேசிஸில் கெட்டியான இடமாகப் பார்த்துச் சங்கிலி போட்டார். ஒன் டன்னில் ஃபோர் வீல், லோ கியர். நாலு சக்கரமும் மண்ணைக் கடித்தன. ஒரு பெரிய முனகலோடு ஜோங்கா ரோட்டுக்கு வந்தது. பிறகு சங்கிலியைக் கழற்றி டோ பார் மாட்டினார். கட்டி இழுக்கும் வண்டி மணிக்கு 24 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது, நடுவில் ஐந்து மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது என்பது அப்போது அமலில் இருந்த 1989-ஆம் வருஷத்துச் சாலை விதி. அந்த மழையில் நாங்கள் அதில் பாதி வேகம்கூடப் போகவில்லை. ஒவ்வொரு வளைவிலும் திரும்பிப் பார்த்தேன். ஜோங்கா ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அந்தப் பையன். வாங்கியிருந்தால் அங்கே உட்கார்ந்திருக்கும் மூஞ்சி என்னுடையது.

கீழே வந்ததும் பர்ஸை எடுத்தான். மச்சான், "டீசலுக்கு மட்டும் குடு தம்பி" என்றார். வாடகை பாக்கி அப்போதும் ஒரு மாதம் இருந்தது.

அந்த ஜோங்கா ஷெட்டிலேயே நின்றது. ஞாயிறுதோறும் அவன் வருவான். ஹவில்தாரும் சுத்தியலோடு வந்துவிடுவார். முதல் வருஷம் சேசிஸ். அடுத்த வருஷம் இன்ஜின். ஜபல்பூர்க் கழிவு வண்டிகளின் உதிரிபாகம் தேடி ஊர் ஊராக அலைந்து ஆக்சில் ஷாஃப்ட் கொண்டுவந்தான். கதவின் பட்டியைச் சுரண்டி எடுத்துத் தகடு வெட்டி ஒட்ட வைத்தார்கள். நானும் போய் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். மூன்றாவது வருஷம் அது நிஜமாகவே நாலு சக்கரத்தில் மலை ஏறியது. நானும் உள்ளே இருந்தேன். இந்த முறை மூச்சு நின்றதற்கு பெயின்ட் காரணமில்லை.

"மொத்தம் எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டேன். கிளார்க் புத்தி!

"கணக்கு எழுதறதை ரெண்டாவது வருஷமே நிறுத்திட்டேன்" என்றான்.

ஒன் டன் 2009 வரை உழைத்துவிட்டு எடைக்குப் போனது. அதன் ஒற்றைக் கதவை மட்டும் மச்சான் விற்கவில்லை. ஷெட்டில் சாய்த்து வைத்திருக்கிறார். ஹவில்தார் இப்போது இல்லை. அவருடைய ஸ்பீக்கர் காந்தம் என் மேஜை டிராயரில் இருக்கிறது. பழைய கார், பைக் வாங்கப் போகிற ஆபீஸ் பையன்கள் வந்து இரவல் கேட்பார்கள். கொடுப்பேன். கூடவே ஒரு கேள்வியும் கேட்பேன்: "பொழைப்புக்கா, ஆசைக்கா?"

பாதிப் பேர், "ரெண்டுக்கும்தான் சார்" என்பார்கள்.

அப்படிச் சொன்னால் மட்டும் நானும் கூடவே கிளம்பிவிடுகிறேன். விடிகாலை ஆறு மணிக்கு!